மழைக் குறிப்பேடும் தேச வரைபடமும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் கதை

அறிக்கை ஒன்று கைக்கு வந்தால் அதன் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டுவது பத்திரிகையாளர்களுக்கு உள்ள பழைய பழக்கம். முன்பக்கத்தில் அமைச்சரின் ஆசிச் செய்தி இருக்கும். நடுவில் நிபுணர்களின் மொழி இருக்கும். யார் பணம் தந்தார்கள், யார் தரவு தந்தார்கள், யாரெல்லாம் கூடியிருந்து எழுதினார்கள் என்பதெல்லாம் நன்றியுரையிலும் பின்னிணைப்பிலும்தான் கிடைக்கும். காலநிலை மாற்றத்தினால் இலங்கையின் எந்தப் பகுதி எவ்வளவு தூரம் பாதிக்கப்படக்கூடும் என்று மதிப்பிட்ட அறிக்கைகளையும் நான் இப்படித்தான் பின்னாலிருந்து வாசித்து வந்திருக்கின்றேன். அவ்வாறு வாசித்துக்கொண்டு போனால், அடுக்கடுக்கான நிறுவனங்களுக்கெல்லாம் அடியில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டக் காரியாலயங்களில் நாள்தோறும் எழுதப்பட்ட மழைக் குறிப்பேடுகள் இருக்கின்றன. அந்தக் குறிப்பேடுகளுக்குச் சற்று மேலே, மலைச் சரிவில், லயங்களில் இருந்தவர்கள் அறிக்கைகளில் எங்கே இருக்கின்றார்கள் என்று தேடிப் பார்த்ததன் விளைவுதான் இக்கட்டுரை.

2010 ஆம் ஆண்டு, பத்தரமுல்லையில் தலைமையகத்தைக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் தனது 135 ஆவது ஆய்வறிக்கையை வெளியிட்டது. நிஷாதி எரியகம, விளாடிமிர் ஸ்மாக்தின் ஆகிய அந்நிறுவன ஆய்வாளர்களுடன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் லலித் சந்திரபாலவும், சமூக ஆய்வுத் துறையைச் சேர்ந்த கரின் பெர்னாண்டோவும் சேர்ந்து எழுதிய அறிக்கை அது. இலங்கையின் மாவட்டங்களை காலநிலை மாற்றத்தின் முன் அவற்றின் நலிவுநிலைக்கு ஏற்ப வரைபடமாக்க அதில் முதன்முதலான முயற்சி ஒன்று செய்யப்பட்டிருந்தது. விவசாயத்தில் பெரிதும் தங்கியிருப்பதால் ஏனைய பகுதிகளைவிடக் கூடுதலாக உணர்திறன் கொண்டவை என்று அது சுட்டிய மாவட்டங்களின் வரிசையில் நுவரெலியா, பதுளை, மொனராகலை, அநுராதபுரம் ஆகியவற்றுடன் இரத்தினபுரியும் இருந்தது.

நலிவுநிலை என்ற சொல்லை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அக்கால ஆய்வாளர்கள் அதனை மூன்றாகப் பிரித்துப் பார்த்தனர். ஓரிடம் மழை, வறட்சி, மண்சரிவு போன்றவற்றுக்கு எவ்வளவு ஆளாகின்றது என்பது முதலாவது. அவ்வாறு ஆளாகும்போது அங்குள்ள பிழைப்பு எவ்வளவு அடிபடும் என்பது இரண்டாவது. அடிபட்டபின் எழுந்து நிற்க அங்குள்ளவர்களிடம் கல்வி, வருமானம், வீதி, வைத்தியசாலை, அரச சேவை என என்ன இருக்கின்றது என்பது மூன்றாவது. சப்பிரகமுவத் தோட்டங்களின் கதையை இந்த மூன்றாவதில்தான் தேட வேண்டியிருக்கின்றது. ஆனால் வரலாறு முதலாவதில், அதாவது மழையில் தொடங்குகின்றது.

இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். அங்கே மழை அளக்கப்பட்டு வருவது 1870களிலிருந்து. 2003 இல் சுவீடன், இலங்கை, ஜப்பான் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று, இலங்கையின் பதினைந்து நிலையங்களின் மழைப் பதிவுகளை எடுத்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான போக்கை ஆராய்ந்தது. அந்தப் பதினைந்தில் இரத்தினபுரியும் ஒன்று. ஆனால் நகரத்தில் ஒரு மழைமானி இருந்தால் மட்டும் மலைநாட்டின் மழை பிடிபடாது. ஒரு மலையின் இந்தப் பக்கம் பெய்வது அந்தப் பக்கம் பெய்யாது. அந்த இடைவெளியை நிரப்பியவை தோட்டங்கள். களு கங்கை வடிநிலத்தைப் பற்றிய நீரியல் ஆய்வுகளைப் புரட்டினால் மழை நிலையங்களின் பட்டியலில் அலுப்பொல, வெலந்துர, கலத்துர, ஹல்வத்துர, லெல்லோபிட்டிய என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். மலையகத்து வாசகர்களுக்கு உடனே தெரியும், இவை தோட்டங்களின் பெயர்கள்.

தோட்டங்கள் மழையை அளந்தது விஞ்ஞானத்தின் மீதுள்ள பற்றினால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்போது உரம் போடலாம், எந்த மலையில் கொழுந்து எப்போது திரும்பும், எத்தனை நாள் இறப்பர் பால் வெட்ட முடியாமற் போயிற்று என்பதற்கெல்லாம் துரைமாருக்கு மழைக் கணக்குத் தேவைப்பட்டது. கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களில் விடியற்காலை மழை என்றால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் பல வேளைகளில் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. எனவே மழைக் குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு வகையில் சம்பளக் குறிப்பேட்டின் வரியும்கூட. பிரதி ஒன்று கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களத்துக்குப் போகும். களனி கங்கையும் களு கங்கையும் சப்பிரகமுவ மழையைச் சுமந்துகொண்டுதான் கீழே இறங்குகின்றன. மேலே பெய்ததன் கணக்கு, கீழேயுள்ள நகரங்களின் வெள்ளத்தை விளங்கிக்கொள்ள உதவியது.

2003 மே மாதத்தின் நடுப்பகுதியில் அந்த வெள்ளம் வந்தபோது நான் இளம் நிருபர். இரத்தினபுரி நகரம் நீருக்குள் இருந்தது. எலபாத்த அபேபுர, பலாவெல போன்ற இடங்களில் மலை சரிந்து வீடுகளை மூடியிருந்தது. நாடு முழுவதிலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அனர்த்தம் அது. அதில் பெரும் பகுதி இரத்தினபுரி மாவட்டத்திற்குரியது. சில நாட்களின் பின்னர் தோட்டமொன்றின் காரியாலயத்தில் ஒதுங்கியிருந்தபோது, அங்கிருந்த பெரிய கிளாக்கர் மேசை லாச்சியிலிருந்து மழைக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். அந்த நாளுக்குரிய எண்ணின் பக்கத்தில் பேனையால் ஒரு கூட்டல் குறி போடப்பட்டிருந்தது. மழைமானி நிரம்பி வழிந்துவிட்டதாம். அதற்கு மேல் எவ்வளவு பெய்தது என்று தெரியாதாம். இந்த எண் எப்போது கொழும்புக்குப் போகும் என்று கேட்டேன். "மாசக் கடைசியில தபால்ல போகும் தம்பி" என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. வழமையே அதுதான். மழையைப் பதிவு செய்யும் ஏற்பாடு ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்தது. பதிவான மழை, அன்றிரவே மேலேயுள்ள லயத்துக்கு ஒரு சொல்லாகப் போய்ச் சேரும் ஏற்பாடு இருக்கவில்லை.

ஏற்பாடுகள் செய்ய முனைந்தவர்கள் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் உதவியோடு மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டவை பதுளையும் நுவரெலியாவும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1993 ஒக்டோபர் 8 ஆம் திகதி இரத்தினபுரி ஹெலவுடவில் மலை சரிந்து 31 பேர் இறந்தனர். பிற்பாடு வரைபட வேலை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கும் விரிந்தது. 1997 இல் பாங்கொக்கிலுள்ள ஆசிய அனர்த்த ஆயத்த நிலையம், அமெரிக்க உதவி நிறுவனத்தின் பணத்தில், நகரங்களுக்கான அனர்த்தத் தணிப்புத் திட்டமொன்றை இலங்கையில் தொடங்கியபோது, முன்மாதிரி நகரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இரத்தினபுரி. நகர அபிவிருத்தி அதிகாரசபை, கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், மாநகர சபை என்று பலரும் ஒரு மேசையில் அமர்ந்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அது நகரத்துக்கான திட்டம். மாநகர எல்லை முடிகின்ற இடத்தில் மலை முடிந்துவிடுவதில்லை.

அதே பத்தாண்டின் முடிவில் தேயிலையைப் பற்றிய கவலையும் எழுந்தது. இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தைச் சேர்ந்த ஜானக ரத்னசிறியின் தலைமையில், தேயிலையும் தென்னையும் காலநிலை மாற்றத்தை எவ்வாறு எதிர்கொள்ளும் என்று மதிப்பிடும் ஆய்வொன்று 2000களின் முற்பாதியில் நடந்தது. உலகச் சுற்றாடல் வசதி நிதியம் பணம் தந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் அதனைக் கொண்டுவந்து சேர்த்தது. 2007 இல் வெளியான தேயிலை பற்றிய ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையைப் பார்த்தாலே இது எத்தனை பேரின் கூட்டு என்பது புலனாகும். தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஜேரத்ன, அவருடன் ஆனந்தகுமாரசுவாமி, அமரதுங்க; வளிமண்டலவியல் துறையிலிருந்து பஸ்நாயக்க; இந்தியாவிலிருந்து கல்ரா. 1925 இல் தொடங்கப்பட்ட அந்த ஆராய்ச்சி நிறுவனத்திற்கு இரத்தினபுரியில் தாழ்நிலத் தேயிலைக்கென்றே ஒரு நிலையம் உண்டு.

அந்த ஆய்வு சொன்னவற்றுள் சில, தோட்டத்துப் பெரியவர்கள் தம் அனுபவத்தால் அறிந்தவையே. தேயிலைக்கு மிகவும் உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ். உகந்த மழை, பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறுபட்டு, மாதத்துக்கு 223 முதல் 417 மில்லிமீற்றர் வரை. மாத மழை 100 மில்லிமீற்றரால் குறைந்தால் ஹெக்டயர் ஒன்றுக்கு 30 முதல் 80 கிலோ வரை ஆக்கிய தேயிலை குறையக்கூடும். வெப்பம் ஏறும்போது குளிரான உயர்நிலத் தோட்டங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஏற்கெனவே வெப்பமாயுள்ள தாழ்நிலத் தோட்டங்களே கூடுதலாக அடிபடும். சப்பிரகமுவத் தேயிலையின் பெரும் பகுதி தாழ்நிலத் தேயிலை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

சிறந்த ஆய்வு அது. அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் அதன் அளவுகோல் ஹெக்டயருக்கு எத்தனை கிலோ என்பது. அந்தக் கிலோவைப் பறிப்பவரின் கூலி, மழை நாளில் அவர் இழக்கும் பேர், அவர் படுத்துறங்கும் லயத்தின் பின்சுவருக்கு மேலேயுள்ள மண்மேடு ஆகியவை பயிர் விஞ்ஞானத்தின் கேள்விகள் அல்ல. அவை வேறு யாரோ ஒருவரின் கேள்விகளாக இருந்திருக்க வேண்டும்.

அந்த வேறு யாரோ ஒருவர், 2008 இல் சுற்றாடல் அமைச்சின் கீழ் உருவான காலநிலை மாற்றச் செயலகமாக இருந்திருக்கலாம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் தொழில்நுட்ப உதவியோடு அச்செயலகம் துறைவாரியான நலிவுநிலை விபரத் தொகுப்புகளைத் தயாரித்தது. விவசாயம், நீர், சுகாதாரம், குடியிருப்புகள், உயிர்ப்பல்வகைமை எனப் பல துறைகள். அவற்றை அடிப்படையாகக் கொண்டு 2011 முதல் 2016 வரைக்குமான தேசியக் காலநிலை மாற்ற இசைவாக்க உபாயம் 2010 நவம்பரில் வெளிவந்தது. மாவட்டத்தைவிடச் சிறிய அலகாகிய பிரதேச செயலாளர் பிரிவு வரைக்கும் இறங்கி வரைபடங்கள் வரையப்பட்டன. ஒரு சிறிய நாட்டில் இத்தனை திணைக்களங்கள் தரவுகளைப் பகிர்ந்துகொண்டது சாதாரண காரியம் அல்ல. அரச காரியாலயம் ஒன்றிலிருந்து ஒரு எண்ணைப் பெற்றுக்கொள்ள நிருபர்கள் படும் பாட்டை அறிந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கின்றேன்.

பிரதேச செயலாளர் பிரிவு என்ற அந்த அலகில்தான் தோட்டம் மறைந்து போகின்றது. கஹவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை போன்ற பிரிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரிவுக்குள் கடைத்தெரு இருக்கும், மாணிக்கக் கல் பணம் இருக்கும், சிறுதோட்ட உடைமையாளர்களின் நல்ல வீடுகள் இருக்கும், லயங்களும் இருக்கும். வருமானத்தையும் கல்வியையும் வைத்தியசாலையையும் கூட்டிப் பிரித்துச் சராசரி எடுத்தால் வருவது இந்த நால்வரில் எவருக்கும் பொருந்தாத ஒரு எண். குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிப்பது உண்மை. ஆனால் 20 ஏக்கருக்குக் குறையாத நிலமும், அங்கேயே தங்கியுள்ள பத்துத் தொழிலாளரும் இருந்தால்தான் அதன் கணக்கில் அது தோட்டம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு துண்டு துண்டாகிப்போன நிலங்கள் நிறைந்த சப்பிரகமுவவில், இந்த வரையறைக்கு வெளியே விழுந்த குடும்பங்கள் கிராமத்தவர்களாகவே எண்ணப்படுகின்றன. கிராமத்தவர்க்கு உரியவை அவர்களுக்குக் கிடைத்தனவா என்பது வேறு கதை.

அந்த வேறு கதையையும் தொட்டுவிடுகின்றேன். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினர்கள்கூட தமது வாக்காளர்களின் லயத்துக்கு ஒரு வடிகான் வெட்டிக் கொடுக்க முடியாத நிலை. இது திருத்தப்பட்டது 2018 இல். முப்பத்தொரு வருடங்கள்! வடிகான் என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். மலைச்சரிவில் மழை நீர் முறையாக வடிந்து போகாவிட்டால் மண் அதைக் குடித்துக் கனத்துப்போகும். மண்சரிவுகளுக்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்ட பின்னர், நிலம் அரசுடையது, நிருவாகம் கம்பனியுடையது, ஆபத்து லயத்தில் இருப்பவருடையது என்றாயிற்று. எழுந்து நிற்கும் திறன் என்ற அந்த மூன்றாவது அளவுகோலை இந்தச் சட்ட நிலையைக் கணக்கில் எடுக்காமல் எப்படி அளப்பது?

இன்னொன்று மொழி. நுவரெலியாவைப் போலன்றி சப்பிரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. 1977 இலும் 1983 இலும் அவை பட்டவை ஒருபுறமிருக்க, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தைப் பக்கத் தோட்டங்களில் நடந்த வன்செயல்களின் பின்னர் வடக்கே போனவர்கள் பலர். எஞ்சியிருந்தோரின் குரல் எண்ணிக்கையிலும் குறைந்து, உரத்திலும் குறைந்தது. மாவட்ட மட்டக் கூட்டங்களில் "பங்காளர் கலந்துரையாடல்" என்று எழுதப்படும் இடங்களில், கம்பனிப் பிரதிநிதியும் சங்கப் பிரதிநிதியும் இருந்திருப்பார்கள். லயத்திலிருந்து ஒருவர் வந்து, எங்கள் வீட்டின் பின்னால் நிலம் வெடித்திருக்கின்றது என்று தமிழில் சொல்வதற்கான நாற்காலி அந்த மேசையில் போடப்பட்டிருந்த கூட்டம் ஒன்றையும் நான் செய்தியாளனாகக் கண்டதில்லை.

2016 மே 17 ஆம் திகதி கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். உலகத் தொலைக்காட்சிகளெல்லாம் அங்கே போயின. அதே நாளில், அதே மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போய் ஒரு டசினுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டு இடங்களுக்கும் ஒரே மழைதான். ஆனால் களுப்பஹன எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வெளியே பெரும்பாலும் ஒரு வரிச் செய்தியாகவே நின்றுவிட்டது. அந்த ஆண்டில்தான் 2016 முதல் 2025 வரைக்குமான தேசிய இசைவாக்கத் திட்டமும் வந்தது என்பதைக் காலவரிசைக்காகக் குறித்து வைக்கின்றேன்.

பின்வந்த ஆண்டுகளில் நிலைமை மாறவே இல்லை என்று எழுதினால் அது அநியாயம். கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடங்கள் பத்து மாவட்டங்களுக்கு விரிந்தன. ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் 2010 முதல் 2013 வரை, காலநிலை மாற்றத்துக்கு இசைவான அனர்த்த முகாமைத்துவத் திட்டமொன்றுக்கு உதவியது. தன்னியக்க மழைமானிகள் பெருகின. எண்கள் இப்போது தபாலுக்குக் காத்திருப்பதில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேறுதல் என்ற கணக்கை மலையகத்தில் பாடசாலைப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, கேகாலை உட்பட மலை மாவட்டங்களுக்குச் சிவப்பு அறிவித்தல் விடுக்கப்பட்டது. அவற்றின் தமிழ் வடிவம் பிந்தி வந்தது என்ற குறையும் அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

அதன் பின்னர் கேகாலை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். லயத்தின் முன்னால் ஒரு கம்பு நட்டு, அதில் நிறக்கோடுகள் போட்ட சிறிய பிளாஸ்டிக் மழைமானியைக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து எழுதுகின்ற பொறுப்பு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுடையது. பாடசாலைக் கொப்பி ஒன்றில் திகதி, நேரம், அளவு என்று கோடு கீறி ஒழுங்காக எழுதியிருந்தார். மழை கடுத்தால் கைத்தொலைபேசியில் மற்ற லயத்தாருக்கும் அனுப்புகின்றாராம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரிய கிளாக்கரின் மேசை லாச்சியில் பார்த்த குறிப்பேடு எனக்கு நினைவுக்கு வந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். கீழேயிருந்த மாரியம்மன் கோயிலைக் காட்டினார். கோயில் புதிதாகச் சாயம் பூசப்பட்டு அழகாக இருந்தது. அதுவும் அதே மலையின் சரிவில்தான், லயத்துக்கு நேர் கீழே இருந்தது. வேறிடம் இல்லையா என்றதற்கு, பள்ளிக்கூடம் ஒன்றரைக் கட்டைக்கு அப்பால் இருக்கின்றது, இரவில் ஓடையைக் கடக்க முடியாது என்றார். கொப்பியை மூடி ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கூரைச் சட்டத்தில் செருகிவிட்டு வேலைக்குப் போனார்.